நிக்ஸ் ஆட்டத்துக்குப் போகிறோம்: நாத்தனார் வீடா, ஓட்டலா?

கேள்வி: வட கரோலினாவில் ராலே பக்கம் இருக்கிறோம். ஏழாவது படிக்கும் என் மகன் பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறான். நியூயார்க் நிக்ஸ் என்றால், அதிலும் ஜேலன் பிரன்சன் என்றால், அவனுக்கு உயிர். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு 7.30 மணி ஆட்டத்துக்கு மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நான்கு டிக்கெட் எடுத்துவிட்டோம். கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் மாமியாரும் பேரனோடு வருகிறார். அவருக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. காரில்தான் போகிறோம். நியூஜெர்சியில் எடிசனில் இருக்கும் நாத்தனார், "என் வீடு இருக்கும்போது ஓட்டல் எதற்கு?" என்கிறார். கணவர் அதே நியூஜெர்சியில் செக்காக்கஸ் பக்கம் மலிவாக அறை பார்க்கிறார். எனக்கு டைம்ஸ் ஸ்கொயரில் தங்க ஆசை. எங்கே தங்குவது நல்லது?

பதில்: முதலில் உங்கள் மாமியாருக்கு ஒரு வணக்கம். பேரனுக்குப் பிடித்த ஆட்டத்தைப் பார்க்க முழங்கால் வலியோடு கிளம்புகிற பாட்டி எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அவரை நினைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

தங்கும் இடம் தேடும்போது எல்லாரும் ஆட்டத்துக்குப் போகிற வழியைப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது திரும்புகிற வழியை. 7.30-க்குத் தொடங்கும் ஆட்டம் முடியப் பத்து மணி ஆகும். கூடுதல் நேரத்துக்குப் போனால் இன்னும் தாமதமாகும். அரங்கில் ஏறத்தாழ 19,800 இருக்கைகள். அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் 7-ஆம், 8-ஆம் அவென்யூக்களுக்கு வருவார்கள். அந்த நேரத்தில் டாக்ஸியும் கிடைக்காது, ஊபர் கட்டணமும் ஏறியிருக்கும். பிப்ரவரிக் குளிரில், தூக்கம் சொக்கும் பையனையும் கால் வலிக்கும் பெரியவரையும் வைத்துக்கொண்டு தெருவில் எத்தனை நிமிடம் நிற்க முடியும்? இதற்கு உங்களிடம் என்ன பதில் இருக்கிறதோ, அதுதான் ஓட்டலை முடிவு செய்ய வேண்டும்.

அப்படிப் பார்த்தால் செக்காக்கஸ் முதலில் அடிபட்டுப் போகிறது. வரைபடத்தில் மன்ஹாட்டன் பக்கத்தில்தான் தெரியும். ரயிலில், அரங்கின் அடியிலேயே இருக்கும் பென் ஸ்டேஷனிலிருந்து அடுத்த நிறுத்தமே செக்காக்கஸ் ஜங்ஷன்தான். ஆனால் அங்குள்ள ஓட்டல்களில் பெரும்பாலானவை அந்த நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இல்லை. ரயிலை விட்டு இறங்கி மறுபடி ஒரு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். பேருந்து என்றால் 42-ஆம் தெருப் பக்கம் இருக்கும் போர்ட் அத்தாரிட்டி நிலையம் வரை நடக்க வேண்டும். மிச்சமாகும் பணம் இந்த அலைச்சலுக்கு ஈடாகாது. உங்கள் கணவர் மட்டும் நண்பர்களோடு போவதாக இருந்தால் நானே சரி என்று சொல்லியிருப்பேன்.

டைம்ஸ் ஸ்கொயர் ஆசை எனக்குப் புரிகிறது. அரங்கிலிருந்து அங்கே நடக்கவும் முடியும், பத்துத் தெரு தூரம்தான். ஆனால் அந்தக் கூட்ட நெரிசலில் உங்கள் மாமியாரை நடத்திக் கூட்டிப் போவது சிரமம். விளக்குகளை மறுநாள் காலையில் போய் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நாத்தனார் வீடு அப்படி ஒதுக்கக்கூடியது அல்ல. மேடிசன் ஸ்கொயர் கார்டன் இருப்பதே பென் ஸ்டேஷனின் தலைமேல். எடிசனிலிருந்தும் பக்கத்து மெட்ரோபார்க்கிலிருந்தும் நியூஜெர்சி டிரான்சிட் ரயில் மாறாமல் நேரே அங்கே வந்து சேர்கிறது. ஏறத்தாழ முக்கால் மணி நேரப் பயணம். நீங்கள் மூன்று பேர் மட்டும் என்றால் அவர் வீட்டிலேயே தங்குங்கள் என்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் ரயில்களுக்கு இடையே இடைவெளி அதிகம். ஒன்றைத் தவறவிட்டால் நிலையத்தில் காத்திருக்க வேண்டும், பிறகு கார், பிறகு வீடு. நள்ளிரவு தாண்டிவிடும்.

அதனால் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை ராலேயிலிருந்து புறப்பட்டு நேரே எடிசன் போய்விடுங்கள். 500 மைல் அளவு ஓட்டியவருக்கும் அன்று நல்ல தூக்கம் வேண்டும். கார் அங்கேயே நிற்கட்டும். மன்ஹாட்டனில் 60-ஆம் தெருவுக்குத் தெற்கே காரில் நுழைந்தால் 2025 ஜனவரியிலிருந்து தனிக் கட்டணம் இருக்கிறது, பகலில் 9 டாலர். சுரங்கப்பாதைக் கட்டணமும், அதையெல்லாம் விடப் பெரிய கேரேஜ் செலவும் சேரும். வெள்ளி மதியம் ஆளுக்கு ஒரு சின்னப் பையோடு மெட்ரோபார்க்கில் ரயில் ஏறுங்கள். அங்கே லிஃப்ட் உண்டு. அன்று ஒரே ஒரு இரவு அரங்கின் அருகே ஓட்டலில் தங்கிவிட்டு, சனிக்கிழமை மறுபடி நாத்தனார் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. உங்கள் கணவர் பேசட்டும். அக்காவோ தங்கையோ, அவருடைய உடன்பிறப்பு. "அம்மாவால் ராத்திரி அவ்வளவு தூரம் முடியாது, ஒரு ராத்திரி மட்டும் அங்கே, மற்ற நாளெல்லாம் உன் வீட்டில்தான்" என்று மகன் சொன்னால், அம்மாவுக்காகத்தானே என்று அவருக்கும் மனம் சமாதானமாகும். இதையே நீங்கள் சொன்னால் வேறு மாதிரி காதில் விழலாம்.

இனி ஓட்டல். 7-ஆம் அவென்யூவுக்குக் கிழக்கே, ஹெரால்டு ஸ்கொயர் பக்கம், 31-லிருந்து 36-ஆம் தெரு வரை தேடுங்கள். பத்து நிமிட நடைக்குள் வரும். பென் ஸ்டேஷனை ஒட்டிய 8-ஆம் அவென்யூப் பக்கம் இரவில் கொஞ்சம் கசமுசாவென்று இருக்கும் என்பதால் எனக்குக் கிழக்குப் பக்கம்தான் பிடிக்கும். 5-ஆம் அவென்யூவுக்கும் பிராட்வேக்கும் நடுவே 32-ஆம் தெருவில் இருக்கும் கொரியாடவுனில் பின்னிரவு வரை கடைகள் திறந்திருக்கும், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும். ஆட்டம் முடிந்து பசிக்கிற பையனுக்கு அங்கேயே ஏதாவது கிடைத்துவிடும். மாமியாருக்கு இட்லி, தோசை வேண்டுமென்றால் 28-ஆம் தெருவை ஒட்டிய லெக்சிங்டன் அவென்யூவில் இந்திய உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆட்டத்துக்கு முன்னாலேயே டாக்ஸியில் போய்ச் சாப்பிட்டு வந்துவிடுங்கள்.

விலையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நியூயார்க்கில் ஓட்டல் விலை இறங்கும் மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும்தான், அது உங்கள் அதிர்ஷ்டம். திரையில் காட்டும் வாடகையோடு 14.75 சதவீத வரியும், அறைக்கு ஓர் இரவுக்கு 3.50 டாலரும் சேரும். 300 டாலர் அறை கடைசியில் 347.75 டாலர் ஆகும். கணவர் இரண்டு ஓட்டல்களை ஒப்பிட்டால் இந்தக் கடைசித் தொகையை வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் ரத்து செய்யக்கூடிய அறையாக எடுங்கள். பனிப்புயல் வரும் மாதம் அது.

ஏர்பிஎன்பி பார்க்க வேண்டாம். 2023 செப்டம்பரிலிருந்து நியூயார்க் நகரத்தில் 30 நாளுக்குக் குறைவான வாடகைக்கு வீட்டுக்காரர் பதிவு செய்திருக்க வேண்டும், அவரும் அதே வீட்டில் இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் தங்கவைக்கக் கூடாது. நான்கு பேருக்கு முழு ஃபிளாட், ஓர் இரவுக்கு என்று எங்காவது கண்ணில் பட்டால் தொடாதீர்கள்.

பதிவு செய்யும் முன் ஓட்டலுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். நான்கு பேர் ஓர் அறையில் தங்கலாமா, இரண்டு பெரிய கட்டில் உறுதியா, வாசலில் படிகள் உண்டா, லிஃப்ட் வேலை செய்கிறதா. மன்ஹாட்டன் அறைகள் உங்கள் ராலே வீட்டுப் படுக்கையறையை விடச் சின்னதாக இருக்கும், மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தயிர் சாதம் கட்டிக்கொண்டு போவதாக இருந்தால் அறையில் ஃபிரிட்ஜ் உண்டா என்றும் கேளுங்கள், பல இடங்களில் இருக்காது.

சூட்கேஸோடு அரங்குக்குப் போக முடியாது. பைகளை அறையில் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போங்கள். உங்கள் டிக்கெட் மேல் அடுக்கு என்றால் படிகள் செங்குத்தாக இருக்கும். இப்போதே அரங்கத்தைத் தொடர்புகொண்டு, படி ஏற முடியாதவருக்கான இருக்கைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஓட்டலை விட இது அவசரம். கதவு திறந்ததுமே உள்ளே போய்விட்டால் வீரர்கள் பயிற்சி எறிதல் செய்வதைப் பார்க்கலாம். உங்கள் மகனுக்கு ஆட்டத்தைப் போலவே அதுவும் பெரிய விஷயமாக இருக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களில் யாராவது நியூயார்க்கின் இன்னொரு அணியான நெட்ஸின் ஆட்டத்துக்குப் போவதாக இருந்தால், அவர்களுடைய பார்க்லேஸ் சென்டர் அரங்கு புரூக்ளினில் இருக்கிறது. மேலே சொன்ன ஓட்டல் யோசனை அங்கே பொருந்தாது. பார்க்லேஸ் சென்டர் நிலையத்தில் நிற்கும் சப்வே தடம் ஒன்றில், ரயில் மாறாமல் போகக்கூடிய இடமாகப் பாருங்கள்.

சனிக்கிழமை காலை உங்களுக்கு நேரம் இருக்கும். பென் ஸ்டேஷனிலிருந்தே லாங் ஐலண்ட் ரயிலில் ஃபிளஷிங் மெயின் ஸ்ட்ரீட் போனால், பவுன் தெருவில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அதன் கேன்டீனில் தோசை நன்றாக இருக்கும். நிலையத்திலிருந்து நல்ல தூரம், மாமியாரை நடக்கவிடாமல் ஒரு டாக்ஸி பிடித்துக்கொள்ளுங்கள்.