தலை முதல் கால் வரை, எல்லாக் குழந்தைக்கும்

கேள்வி: அரசு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். கொடுமைக்கு ஆளான குழந்தைகளை அடையாளம் காண்பது பற்றி எங்கள் சிஸ்டர்களுக்கு வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "கட்டுப் போடறதும் ஊசி போடறதும்தான் நம்ம வேலை. பெத்தவங்களை எப்படிச் சந்தேகப்படறது? நாளைக்குக் கோர்ட்டுக்கு யார் அலையறது?" என்று இப்போதே கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரி, சட்டத்திலிருந்து தொடங்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவுகளைத் திரையில் வரிசையாகப் போட்டால் பயம்தான் மிஞ்சும். முதலில் காயத்தைப் பார்க்கப் பழக்குங்கள். கட்டுப் போடுகிற சிஸ்டரைவிட நிதானமாக அந்தக் காயத்தைப் பார்ப்பவர் அங்கே வேறு யாருமில்லை.

சூட்டுக் காயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நடை பழகும் குழந்தை மேசைமேல் இருக்கும் டீ டம்ளரை எட்டி இழுத்தால், முகம், கழுத்து, தோள், நெஞ்சு என்று மேலே அதிகமாகவும் கீழே வர வரக் குறுகியும் வெந்திருக்கும். அங்கங்கே தெறித்த புள்ளிகளும் இருக்கும். இரண்டு கால்களும் ஒரே உயரத்துக்கு, சாக்ஸ் போட்டதுபோல் கோடு பிடித்து வெந்து, தெறித்த தடமே இல்லையென்றால், வெந்நீரில் யாரோ பிடித்து வைத்திருக்கலாம். "தானே பக்கெட்டில் இறங்கிட்டான்" என்ற கதை அந்தக் கோட்டோடு பொருந்தாது. சூடு பட்ட குழந்தை ஒரு காலையாவது உதறி வெளியே எடுக்கத்தான் பார்க்கும்.

ரத்தம் கட்டுவதும் அப்படித்தான். ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடாத நாள் கிடையாது. ஆனால் 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காது, கழுத்து, நெஞ்சு, வயிறு, முதுகில் கன்றியிருந்தால் நின்று யோசிக்க வேண்டும். 4 மாதமோ அதற்கும் குறைவோ ஆன கைக்குழந்தைக்கு எங்கே கன்றியிருந்தாலும் யோசிக்க வேண்டும். தவழக்கூடத் தெரியாத பிள்ளை தானாக எதில் போய் இடித்துக்கொள்ளும்? நம் நிறத்தில் கன்றியது சட்டென்று தெரியாது, நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நம் குழந்தைகள் பலருக்கு இடுப்பிலும் புட்டத்திலும் பிறவியிலேயே நீலத் திட்டு இருக்கும். அதைக் காயம் என்று எழுதிவிடக் கூடாது. நிறத்தை வைத்து இத்தனை நாள் பழைய காயம் என்று கணக்குச் சொல்வதையும் விட்டுவிடச் சொல்லுங்கள், அது நம்பகமானதல்ல.

"எப்படிச் சந்தேகப்படறது?" என்பது நியாயமான கேள்வி. நெதர்லாந்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அவசரப் பிரிவுக்கு வரும் குழந்தைகள் எல்லோருக்கும் 6 கேள்விகள் கொண்ட ஒரே படிவம். சொல்லும் கதை மாறாமல் இருக்கிறதா? தேவையில்லாமல் தாமதித்து வந்தார்களா? இந்த வயதுப் பிள்ளைக்கு இப்படி அடிபட முடியுமா? பிள்ளையும் பெரியவர்களும் நடந்துகொள்ளும் விதம் இயல்பாக இருக்கிறதா? தலை முதல் கால் வரை பார்த்ததும் கதையும் ஒத்துப்போகிறதா? வேறு ஏதாவது உறுத்துகிறதா? 2008, 2009இல் 7 மருத்துவமனைகளில் இதைத் தொடர்ந்து கவனித்தார்கள். தொடக்கத்தில் 20 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் படிவம் நிரப்பப்பட்டது. செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அப்புறம் மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் அரசுத் துறையும் கட்டாயமாக்க, அது 67 சதவீதமாக ஏறியது. படிவம் நிரப்பிய குழந்தைகளிடையே கொடுமை கண்டறியப்பட்ட விகிதம், நிரப்பாதவர்களைவிட 5 மடங்கு.

எனக்கு இதில் பிடித்தது 'எல்லோருக்கும்' என்பதுதான். கார் வைத்திருப்பவர் பிள்ளைக்கும் கூலி வேலை செய்பவர் பிள்ளைக்கும் ஒரே கேள்விகள். யார் முகத்தையும் பார்த்துச் சந்தேகப்பட வேண்டியதில்லை. "எல்லாப் பிள்ளைகளுக்கும் பார்க்கறதுதாம்மா, சட்டையைக் கழற்றிடலாமா?" என்ற ஒரு வாக்கியத்தை வகுப்பில் ஒவ்வொருவரையும் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். ஒரு கேள்வி இடிப்பதாலேயே கொடுமை என்று முடிவாகாது. ரத்தம் உறையாத நோயிலும் எலும்பு எளிதில் முறியும் நோயிலும் இப்படிக் காயங்கள் வரும். முடிவு செய்வது சிஸ்டர் வேலையில்லை, டாக்டரிடம் கொண்டுபோவதுதான்.

பிள்ளையிடம் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். "அப்பா அடிச்சாரா?" என்று பதிலை நாமே வாயில் போடக் கூடாது. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்ற வாக்கும் வேண்டாம், அதைக் காப்பாற்ற நம்மால் முடியாது.

கோர்ட் பயத்துக்கு மருந்து நல்ல குறிப்பு. அம்மா "கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தான்" என்றால் அந்தச் சொற்களையே எழுதி, யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்று போடுங்கள். காயத்தின் இடம், அளவு, வடிவம். அவ்வளவுதான். 'பொய் சொல்கிறார்' என்று நம் தீர்ப்பை எழுத வேண்டாம்.

சட்டத்தைக் கடைசியில் பத்து நிமிடம் சொன்னால் போதும். பாலியல் குற்றம் நடந்திருக்கலாம் என்று தெரிந்தாலே 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் 6 மாதம்வரை சிறையோ அபராதமோ உண்டு. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

வகுப்புக்கு முன்னால் டியூட்டி டாக்டர்களோடும் நிலைய மருத்துவ அலுவலரோடும் உட்கார்ந்து, இரவு இரண்டு மணிக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது, விபத்துப் பதிவேட்டில் யார் எழுதுவது, காவல் நிலையத்துக்கு யார் தகவல் அனுப்புவது என்று பேசி முடித்துவிடுங்கள். டாக்டர் "விடும்மா, குடும்ப விஷயம்" என்று தட்டிக்கழித்தால் என்ன செய்வது என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். போக்சோவில் தகவல் சொல்லும் கடமை டாக்டருக்கு மட்டுமல்ல, தெரிந்த ஒவ்வொருவருக்கும் உண்டு. அடி, சூடு போன்ற மற்ற கொடுமைகளுக்கும் குழந்தைகள் உதவி எண்ணான 1098இல் சிஸ்டரே நேராக அழைக்கலாம். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் டிரெஸ்ஸிங் அறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.