எட்டு லைட்டும் எரிகிறது, ஸ்பீட் மட்டும் வரவில்லை: கேபிள் டெஸ்டர் பற்றிய வாசகர் கேள்விகள்

கம்பியூட்டர் கேபிள், பிளக், டெஸ்டர் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (காத்தான்குடி): கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். கீழே கடையில் ரவுட்டர், மேல்மாடியில் மகளுடைய கம்பியூட்டர். கேபிள் இழுத்துத் தந்த தம்பி டெஸ்டரைப் போட்டு எட்டு லைட்டும் எரிவதைக் காட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார். கடையில் 250க்கு மேல் வரும் ஸ்பீட் மேலே 95ஐத் தாண்டவில்லை. டெஸ்டரில் பிழையா, கேபிளில் பிழையா? நானும் ஒரு டெஸ்டர் வாங்கி வைக்கலாமா?

பதில்: டெஸ்டர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஸ்பீட் அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். இந்தச் சின்னப் பெட்டி செய்வது ஒரே வேலை. 9 வோல்ட் பற்றரியில் இருந்து ஒவ்வொரு கம்பியாகக் கொஞ்சம் கரண்ட் அனுப்புகிறது. மறுமுனைக்கு வந்து சேர்ந்தால் லைட் எரியும். கம்பி அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறதா என்பது இதில் தெரியும். மறுமுனையில் செருகும் சின்னத் துண்டைத்தான் பார்க்க வேண்டும். அதில் மூன்றாம் லைட் எரியாவிட்டால் மூன்றாம் கம்பியில் தொடர்பு இல்லை. 1, 2, 3 என்று வராமல் தாவி எரிந்தால் கம்பி மாறிக் கிடக்கிறது. வேலை செய்தவரிடம் "ஸ்லோவில் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். வேகமாக ஓடும் லைட்டில் ஒன்று விட்டுப்போனால் கண்ணுக்குப் பிடிபடாது.

இனி உங்கள் 95. இது 100 மெகாபிட் இணைப்பின் அடையாளம். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். அதற்கு மேலே, ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 மெகாபிட்டுக்குப் போக எட்டும் நன்றாக இருக்க வேண்டும். மேல்மாடிக் கம்பியூட்டரின் செட்டிங்ஸில் நெட்வேர்க் பகுதிக்குப் போய் ஈதர்நெட்டின் லிங்க் ஸ்பீட் என்ன என்று பாருங்கள். 100/100 என்று இருந்தால், அந்தக் கம்பியூட்டரைக் கீழே கொண்டுவந்து ரவுட்டரின் அதே போர்ட்டில் ஒரு சின்னக் கேபிளால் இணைத்துப் பாருங்கள். அப்போதும் 100தான் என்றால் கேபிளில் குற்றமில்லை. கம்பியூட்டரின் போர்ட்டோ ரவுட்டரின் போர்ட்டோ 100 வகையாக இருக்கும். பழைய மதர்போர்டுகளிலும் மலிவு ரவுட்டர்களிலும் இது சாதாரணம். கீழே 1000 என்று காட்டினால் இழுத்த கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அப்படிச் சந்தேகித்தால் முதலில் பிளக்கின் நிறங்களைப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் விடும் பிழை இது. கேபிளுக்குள் எட்டுக் கம்பியும் இரண்டிரண்டாக முறுக்கிச் சோடியாக வரும். அவற்றைச் செம்மஞ்சள் சோடி, பச்சைச் சோடி, நீலச் சோடி, கபிலச் சோடி என்று வரிசையாக அடுக்கி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடித்துவிடுவார்கள். டெஸ்டரில் எட்டு லைட்டும் அழகாக ஒழுங்கில் எரியும். ஆனால் 3ம் 6ம் ஒரு சோடியாக வேலை செய்ய வேண்டியவை. இந்த அடுக்கில் அவை வேறு வேறு முறுக்கில் இருந்து வந்த கம்பிகள். முறுக்கு கெட்டுப்போவதால் ஒரு சோடியின் சிக்னல் மற்றதில் கலந்து, ஸ்பீட் விழும் அல்லது இணைப்பு விட்டுவிட்டு வரும். சரியான அடுக்கு இது. பிளக்கின் கிளிப் பின்பக்கம், பொன் நிறப் பற்கள் மேலே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். பச்சைச் சோடி நடுவில் உள்ள நீலச் சோடியைத் தாண்டிப் பிரிந்து நிற்க வேண்டும். கண்ணாடி போன்ற பிளக் என்றபடியால் கழற்றாமலே பார்க்கலாம்.

டெஸ்டர் வாங்குவது பற்றி: கட்டாயம் வாங்குங்கள். கடையில் நாலைந்து கேபிள் ஓடும் இடத்தில் ஒரு இணைப்பு போனால், ஆளைக் கூப்பிட்டுக் காத்திருக்காமல் எந்தக் கேபிள் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். இரண்டு துண்டாகப் பிரிகிற சாதாரண வகை போதும். சின்னக் காசுதான். பற்றரி பெரும்பாலும் கூட வராது, அதையும் சேர்த்து வாங்குங்கள். கடையிலேயே புதுக் கேபிள் ஒன்றைச் செருகி எட்டு லைட்டும் எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். கேபிளின் நீளம் காட்டும், சுவருக்குள் ஓடும் கம்பியைத் தேடித் தரும் விலை கூடிய வகைகள் இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு. வீட்டுக்கும் கடைக்கும் தேவையில்லை.

கேள்வி (வாழைச்சேனை): புது டெஸ்டரை டெலிபோன் வயர் வரும் சுவர்ப் பொயின்றில் செருகிப் பார்த்தேன். ஒரு முறை மின்னிவிட்டு அணைந்துபோனது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

பதில்: இதில் கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. செப்புக்கம்பி டெலிபோன் லைனில் எப்போதும் 48 வோல்ட் அளவு நிற்கும். மணி அடிக்கும்போது அதைவிடக் கூடும். 9 வோல்ட் பெட்டி அதைத் தாங்காது. கேபிள் வழியாகவே கமராவுக்குக் கரண்ட் அனுப்பும் நெட்வேர்க் சுவிட்ச்சிலும் இதே ஆபத்து உண்டு. சோதிக்கும் கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றி எடுத்து, அவற்றில் டெஸ்டரின் இரண்டு துண்டுகளைத் தவிர வேறெதுவும் இல்லாதபோதுதான் டெஸ்டரைப் போட வேண்டும்.

கேள்வி (களுவாஞ்சிகுடி): ஏ.எல். படிக்கும் மகனுக்குப் பழைய கம்பியூட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறது. டெஸ்டர் ஸ்குரூட்ரைவரை வைத்தால் லைட் எரிகிறது. விற்றவர் "எல்லாக் கம்பியூட்டரும் அப்படித்தான் அக்கா" என்கிறார். உண்மையா?

பதில்: பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்லாமல் விட்டது சரியில்லை.

கம்பியூட்டரின் பவர் சப்ளைக்குள், கரண்டில் வரும் இரைச்சலை வடிகட்டச் சின்னக் கப்பாசிட்டர்கள் உண்டு. அவை லைன், நியூட்ரல் இரண்டில் இருந்தும் பெட்டியின் இரும்போடு இணைந்திருக்கும். எர்த் கம்பி இருந்தால் அந்தச் சிறு கசிவு நிலத்துக்குப் போய்விடும், கைக்கு ஒன்றும் தெரியாது. எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதியளவு பெட்டியில் நிற்கும். உங்கள் ஸ்குரூட்ரைவர் எரிவது அதனால்தான். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுள்ளென்று மட்டும் இருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு கம்பி உண்மையாகவே கழன்று இரும்பில் பட்டால், எர்த் இல்லாத அந்தப் பெட்டி முழுவதும் நேரடிக் கரண்ட் ஏறும். பிள்ளை வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் இருந்து படிக்கிற வீட்டில் இதை நாளைக்குப் பார்ப்போம் என்று விடக் கூடாது.

முதலில் பிளக்கைப் பாருங்கள். வெளிநாட்டுப் பிளக்கோடு வந்த வயரை இரண்டு முள் அடெப்டரில் செருகியிருந்தால் எர்த் அங்கேயே அறுந்துவிட்டது. சதுர முள் 13 அம்பியர் பிளக் பேஸின் எர்த் துளைக்குள் பேனையை விட்டுத் திறந்து, இரண்டு முள் பிளக்கைச் செருகுவதும் அதே கதைதான். கம்பியூட்டருக்கு 13 அம்பியர் மூன்று முள் பிளக் உள்ள பவர் கோட் தனியாகவே கிடைக்கும். அதை வாங்கிப் போடுங்கள். மல்டிபிளக் வைத்திருந்தால் அதுவும் மூன்று கம்பி உள்ளதாக இருக்க வேண்டும்.

பிறகும் லைட் எரிந்தால் சுவரில் உள்ள பேஸில்தான் எர்த் இல்லை. ஸ்குரூட்ரைவர் டெஸ்டர் லைன் எது என்று மட்டும்தான் காட்டும், எர்த் இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு மூன்று லைட் உள்ள பிளக் டெஸ்டர் ஒன்று விற்கிறது. 13 அம்பியர் பேஸில் நேரே செருகலாம், எந்தக் கம்பியையும் தொட வேண்டியதில்லை. எர்த் இல்லை, லைனும் நியூட்ரலும் மாறியிருக்கிறது என்பதெல்லாம் லைட்டின் கோலத்தில் தெரியும். கோலத்தின் விளக்கம் அதன் மேலேயே அச்சடித்திருக்கும். எர்த்தும் நியூட்ரலும் ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் மட்டும் இதனால் பிடிக்க முடியாது. எர்த் எவ்வளவு நல்லது என்றும் சொல்லாது. கடற்கரைப் பக்கத்து மணல் நிலத்தில் இது முக்கியம். வெயில் காலத்தில் மணல் காய்ந்தால் எர்த் கம்பி நட்டிருந்தும் பலன் குறையும், உப்புக்காற்றில் அதன் கிளாம்ப் துருப்பிடித்துக் கழன்றும் இருக்கும். ஆகவே வயரிங் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு மீற்றர் வைத்து எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். அவர் வரும்போதே ட்ரிப் சுவிட்ச்சின் டெஸ்ட் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழாவிட்டால் அது மாற்ற வேண்டிய சுவிட்ச்.

அதுவரை கம்பியூட்டரில் ஏதாவது கழற்றிப் பூட்டுவதென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான்.

கேள்வி (அக்கரைப்பற்று): யூஎஸ்பி கேபிள் போனைச் சார்ஜ் செய்கிறது. கம்பியூட்டரில் செருகினால் போன் தெரியவில்லை. கேபிளைச் சோதிக்க ஏதும் டெஸ்டர் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் இதற்காகவே வாங்க வேண்டாம். சாதாரண யூஎஸ்பி கேபிளில் நான்கு கம்பி. இரண்டு கரண்டுக்கு, இரண்டு தரவுக்கு. மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் தரவுக் கம்பியே போட்டிருக்க மாட்டார்கள். போனோடு வந்த கேபிளைச் செருகிப் பாருங்கள். அதில் போன் தெரிந்தால் உங்கள் கேபிள் சார்ஜுக்கு மட்டுமானது. இனி வாங்கும்போது "டேட்டாவும் போகுமா" என்று கேட்டு, கடையிலேயே ஒரு கம்பியூட்டரில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். டைப்-சி என்றால் எல்லாம் வேகமாக இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். பல டைப்-சி கேபிள்களுக்குள் இருப்பது அந்தப் பழைய 480 மெகாபிட் யூஎஸ்பி 2தான். போன் கடை, ரிப்பேர் கடை நடத்துபவர்களுக்கு மட்டும், கேபிளை இரண்டு பக்கமும் செருகினால் உள்ளே உள்ள கம்பிகளை லைட்டால் காட்டும் சின்ன போர்ட் ஒன்று நல்ல முதலீடு.

கேள்வி (வந்தாறுமூலை): கம்பஸ் போர்டிங்கில் இருக்கிறேன். வீடியோ எடிட் செய்யும்போது கம்பியூட்டர் அணைந்துவிடுகிறது. நண்பனின் பவர் சப்ளை டெஸ்டரில் எல்லாம் சரி என்று காட்டுகிறது.

பதில்: 12 வோல்ட் லைனில் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட்டில் 4.75 முதல் 5.25 வரை இருந்தால் அந்த டெஸ்டர் சரி என்று சொல்லும். ஆனால் சுமை இல்லாமல் அளக்கிறது. வீடியோ வேலையில் புரொசஸர் கரண்டை இழுக்கும் அந்த நேரத்தில் வோல்ட் விழுவதை அது காணாது. இருந்தும் வெப்பத்தை முதலில் பாருங்கள், ஃபேனில் தூசி அடைத்திருந்தாலும் இப்படித்தான் அணையும். அது சரி என்றால் யாரிடமாவது நல்ல பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். டெஸ்டரை விட அது நம்பகமான பதில் தரும்.

கேள்வி (கல்முனை): கடைக்கு நான்கு கமரா போட்டோம். "ஃபுல் கொப்பர் கெட் 6" என்று சொல்லித்தான் கேபிள் விற்றார்கள். தூரத்தில் உள்ள கமரா பகலில் வேலை செய்கிறது, இரவில் அணைந்து அணைந்து வருகிறது. டெஸ்டரில் எட்டு லைட்டும் எரிகிறது என்று கடைக்காரர் கையை விரிக்கிறார்.

பதில்: இரவில் மட்டும் என்று எழுதியிருப்பது நல்ல துப்பு. இருட்டியதும் கமராவின் இன்ஃப்ராரெட் லைட்கள் எரியத் தொடங்கும், கரண்ட் கூடுதலாகத் தேவைப்படும். கேபிளில் தடை அதிகமென்றால் போகும் வழியிலேயே வோல்ட் விழுந்து கமரா அணையும். உங்களுக்கு விற்றது செம்பு பூசிய அலுமினியக் கம்பியாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். லைட் டெஸ்டருக்குச் செம்பும் அலுமினியமும் ஒன்றுதான்.

வேறுபடுத்துவது கஷ்டமில்லை. மிஞ்சிய துண்டில் ஒரு கம்பியைப் பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். அதன்பிறகு சாதாரண மல்டிமீற்றரால் உறுதிப்படுத்துங்கள். கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி, ஒரு முனையில் ஒரே சோடியின் இரண்டு கம்பிகளையும் முறுக்கி விட்டு, மறுமுனையில் 200 ஓம் அளவில் வைத்து அளவுங்கள். மீற்றரின் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் வரும் அளவை அதில் கழித்துவிடுங்கள். நல்ல செம்பு என்றால் 100 மீற்றர் கேபிளுக்கு 19 ஓமுக்குள் வரும், 30 மீற்றருக்கு 5, 6 அளவில். அலுமினியத்தில் அதே 30 மீற்றருக்கு எட்டுக்குக் கிட்டப் போகும். கடலுக்குப் பக்கத்தில் இருப்பதால் பிளக்கின் பற்களில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிடித்திருந்தால் வெட்டி எறிந்து புதிதாக அடித்தபின் அளவுங்கள், இல்லாவிட்டால் குற்றம் கேபிளின் மேல் தவறாக விழும்.

அலுமினியம் என்று தெரிந்தால் சுரண்டிய துண்டையும் பில்லையும் கொண்டு கடைக்குப் போய் நயமாகவே பேசுங்கள். நிறையக் கடைக்காரர்களுக்குக் கொழும்பில் இருந்து வரும் பெட்டியின் மேல் எழுதியிருப்பது மட்டும்தான் தெரியும், சுரண்டிக் காட்டினால் மாற்றித் தருவார்கள். மறுத்தால், பொருளின் தரத்தைப் பொய்யாகச் சொல்லி விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி குற்றம். அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம். நட்டஈடோ மாற்றுப் பொருளோ வேண்டுமென்றால் எழுத்தில் முறையிட வேண்டும், அதுவும் வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள். பில்லில் வெறும் "கேபிள்" என்று மட்டும் இருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். மீதிக் கமராக்களுக்கு வாங்கும்போது "ஃபுல் கொப்பர்" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் அந்தக் கேபிளை வாங்க வேண்டாம்.