நான்கு வீட்டுக்கு ஒரு வைஃபை: கூடுமா, கூடாதா?

கேள்வி: பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறாவது மாடியில் இருக்கிறோம். வீட்டில் மூன்று போன். 28 நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜுக்கே 900 ரூபாய் போகிறது. அப்படியும் பெரியவளுக்குக் கல்லூரி வகுப்பு, சின்னவனுக்கு யூடியூப் என்று மதியத்துக்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடுகிறது. பக்கத்து மூன்று வீட்டிலும் இதே கதைதான். நான்கு வீடும் சேர்ந்து ஒரு பிராட்பேண்ட் போட்டு வைஃபையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று பேசினோம். அது குற்றம், போலீஸ் வரும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: வைஃபையைப் பகிர்ந்தீர்கள் என்பதற்காக யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. தட்டினால் வேறு காரணம் இருக்கும். இணைப்பு உங்கள் பெயரில், உங்கள் ஆதாரில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கு விருந்துக்கு வந்த மச்சான் அந்த வைஃபையில் ஏதாவது வேண்டாத வேலை பார்த்துவிட்டுப் போனால், விசாரணை வந்து நிற்கும் இடம் உங்கள் வாசல்தான். இது முதல் சிக்கல்.

இரண்டாவது, காசு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை என்று ஒரு வாரம் பாஸ்வேர்டு கொடுப்பது வேறு, மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு இணைய வசதி தருவது வேறு. பின்னது மறுவிற்பனை. வீட்டு இணைப்பின் ஒப்பந்தத்தில் அதற்குப் பெரும்பாலும் தடை இருக்கும். தெரியவந்தால் கம்பெனி இணைப்பைத் துண்டிக்கலாம்.

மூன்றாவதைச் சட்டப் புத்தகத்தில் தேட வேண்டாம், உங்கள் மாடியிலேயே தெரியும். மாதம் 700 ரூபாய் பில் வந்தால் தலைக்கு 175. முதல் மாதம் எல்லோரும் கொடுப்பார்கள். ஒரு வீட்டில் வேலை போன மாதம், அல்லது ஆஸ்பத்திரிச் செலவு வந்த மாதம், அந்த 175 நிற்கும். யார் பெயரில் பில்லோ அவர்தான் கையைக் கடித்துக்கொள்வார். பாஸ்வேர்டை மாற்றினால் சண்டை. சீட்டுப் பிடித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கூலியும் சம்பளமும் நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் வரும் வீட்டில், இணையம் மட்டும் மாதக் கணக்கில் பணம் கேட்கிறது. ஷாம்புவுக்கும் ஒரு காலத்தில் இதே பிரச்சினை இருந்தது. பாட்டில் வாங்க முடியாதவர்களுக்காகக் கடலூர்க்காரர்கள் அதைச் சின்னச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றார்கள். இணையத்தையும் அப்படி விற்கலாம் என்றுதான் மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் பி.எம். வாணி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

பழைய எஸ்.டி.டி. பூத் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கடையோ டீக்கடையோ குடியிருப்போர் சங்கமோ, யார் வேண்டுமானாலும் ஒரு லைன் எடுத்து வைஃபை கூப்பன் விற்கலாம். அந்த இடத்துக்குப் பெயர் பொதுத் தரவு அலுவலகம், சுருக்கமாக பி.டி.ஓ. (தாசில்தாரும் பி.டி.ஓ.வும் நினைவுக்கு வந்தால் உங்கள் தப்பில்லை.) கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ள அக்ரிகேட்டர் என்று ஒரு நிறுவனம் இருக்கும். வாங்குபவர் செயலியில் தன் போன் எண்ணை ஓ.டி.பி. போட்டுப் பதிவுசெய்து, தேவையான கூப்பனை வாங்கிக்கொள்வார். யார் எப்போது இணைந்தார் என்ற பதிவு இருப்பதால், மச்சான் செய்த வேலைக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் நான்கு வீட்டுக்காக மட்டும் இதைப் போட்டால் கட்டாது. ஒரு பிளாக் முழுக்க, அல்லது கீழே இருக்கும் மளிகைக் கடையை மையமாக வைத்துச் செய்தால் கட்டுப்படியாகும். உங்கள் நலச்சங்கத்தில் பேசிப் பாருங்கள். (செலவுக் கணக்கை அடுத்த கேள்வியில் பிரித்துப் போட்டிருக்கிறேன்.)

அதுவரை என்ன செய்வது? உங்கள் வீட்டுக்கு மட்டும் இருப்பதிலேயே சின்ன ஃபைபர் திட்டத்தை எடுங்கள். 500 ரூபாய்த் திட்டம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 590. ஒரு போனில் மட்டும் டேட்டா, மற்ற இரண்டிலும் பேசுவதற்கு மட்டுமான ரீசார்ஜ். உள்ளூர்க் கேபிள்காரரிடமும் விலை கேளுங்கள். ஆறு மாதம் முன்பணம் கட்டினால் ரௌட்டர் இலவசம் என்பார்கள். அந்த ரௌட்டரைத் திருப்பித் தர வேண்டுமா, தராவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுதி வாங்கிக்கொண்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.

இன்னொன்று. இந்தக் கட்டடங்களின் கான்கிரீட் சுவர் வைஃபையை விழுங்கிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் "நெட் வரவே மாட்டேங்குது" என்று ஒரு மாதமாகப் புலம்பினார்கள். போய்ப் பார்த்தால், திருட்டுப் போய்விடும் என்று ரௌட்டரை இரும்பு பீரோவுக்குள் வைத்து, ஒயருக்கு மட்டும் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்திருந்தார்கள். வெளியே எடுத்து உயரத்தில் ஆணியடித்து மாட்டியதும் சமையலறை வரை வந்தது. ரௌட்டரில் 2.4, 5 என்று இரண்டு பெயர் தெரிந்தால், சுவர் தாண்டிப் போவது 2.4. ஒரே அறைக்குள் வேகம் வேண்டுமென்றால் 5.

கேள்வி: அம்பத்தூரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். பி.எம். வாணி "உரிமம்" வாங்கித் தருகிறேன், 25,000 ரூபாய் கட்டுங்கள், மாதம் 15,000 வருமானம் நிச்சயம் என்று ஒருவர் வந்தார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். உங்களைப் போன்ற கடைக்காரருக்கு உரிமமே தேவையில்லை, பதிவுக் கட்டணமும் கிடையாது. தொலைத்தொடர்புத் துறையிடம் பதிவு செய்ய வேண்டியவர்கள் அக்ரிகேட்டர்களும் செயலி நடத்துபவர்களும்தான். அந்தப் பட்டியல் பி.எம். வாணி இணையதளத்திலேயே இருக்கிறது. வந்தவரின் நிறுவனம் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும், 25,000 எதற்கு என்று பிரித்துக் கேளுங்கள். ரௌட்டருக்கு என்றால் மாடல் எண் வாங்கி வெளியில் விலை விசாரியுங்கள்.

இப்போது கணக்கு. முன்பெல்லாம் பி.டி.ஓ. என்று சொன்னாலே சில கம்பெனிகள் லீஸ்டு லைன் (பெரிய அலுவலகங்கள் எடுக்கும் தனி இணைப்பு) எடு என்று நெருக்கும். பெட்டிக்கடை தாங்கக்கூடிய விலையா அது? 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு உத்தரவு போட்டது: 200 எம்பிபிஎஸ் வேகம் வரையிலான வீட்டு ஃபைபர் திட்டங்களை பி.டி.ஓ.க்களுக்கும் தர வேண்டும், விலை வீட்டுக்காரர் கட்டுவதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. ஆக, 500 ரூபாய்த் திட்டம் உங்களுக்கு அதிகபட்சம் 1,000. வரியோடு 1,180.

பத்து ரூபாய்க் கூப்பன் விற்று, அக்ரிகேட்டர் பங்கு போக ஏழு ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம் (பங்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது, கையெழுத்துக்கு முன் பாருங்கள்). லைன் காசை எடுக்க மட்டும் மாதம் 169 கூப்பன், அதாவது நாளைக்கு ஆறு விற்க வேண்டும். ரௌட்டர் விலையும் கரண்டும் இதில் சேரவில்லை. கடைக்கு எதிரே ஆண்கள் விடுதியோ, வெளி மாநிலத் தொழிலாளர்கள் தங்கும் வரிசை வீடுகளோ இருந்தால் ஆறு என்ன, முப்பதே போகும். எல்லோர் போனிலும் தினம் ஒன்றரை ஜிபி இருக்கிற தெருவில் ஆறே கஷ்டம்.

2018இல் வந்த தேசிய டிஜிட்டல் தொடர்புக் கொள்கை, 2022க்குள் நாட்டில் ஒரு கோடி பொது வைஃபை இடங்கள் என்று இலக்கு வைத்தது. 2025 நடுவிலும் பி.எம். வாணியின் எண்ணிக்கை சில லட்சங்களில்தான் நின்றது. திட்டம் நல்லதுதான், ஆனால் எல்லாத் தெருவிலும் ஓடுகிற வியாபாரம் இல்லை. மாதம் 15,000 நிச்சயம் என்பவரிடம், அவரே ஏன் பக்கத்தில் ஒரு கடை போடவில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஊரில் அப்பா அம்மாவிடம் பட்டன் போன்தான். டேட்டா சேர்த்துத்தான் ரீசார்ஜ் பண்ண முடியும் என்கிறார் கடைக்காரர்.

பதில்: இல்லை. பேச்சு, எஸ்.எம்.எஸ். மட்டும் உள்ள ரீசார்ஜ் கட்டாயம் இருக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. செல்லுபடியாகும் காலமும் 365 நாள் வரை இருக்கலாம். செயலியின் முதல் பக்கத்தில் அது கண்ணில் படாது, கீழே தள்ளித் தேட வேண்டும். விலையை நாட்களால் வகுத்துப் பார்த்து வாங்குங்கள். 28 நாள் திட்டம் வருடத்துக்கு 13 முறை வரும், 12 முறை இல்லை.

கேள்வி: ரயில் நிலைய இலவச வைஃபையில் ஜிபே பண்ணலாமா?

பதில்: படிக்க, டிக்கெட் பார்க்க, பாட்டு இறக்க அதைப் பயன்படுத்துங்கள். முதல் அரை மணி நேரம் இலவசம். பணம் அனுப்பும் அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் வைஃபையை அணைத்துவிட்டு சொந்த சிம் டேட்டாவுக்கு மாறுங்கள்.

கேள்வி: ஃபைபர் இணைப்பு பத்து நாளாக வேலை செய்யவில்லை. போன் பண்ணினால் "நாளைக்கு ஆள் வருவார்" என்கிறார்கள். பில் மட்டும் சரியாக வந்துவிட்டது.

பதில்: லைன்மேனுக்குப் போன் பண்ணியது புகாராகாது. கம்பெனியின் புகார் எண்ணில் பதிவு செய்து, அந்தப் புகாருக்கென்று தரும் டாக்கெட் எண்ணை வாங்குங்கள். வேலை செய்யாத நாட்களுக்குக் கட்டணத்தைக் கழிக்கச் சொல்லி அதிலேயே கேளுங்கள். குறித்த நாளுக்குள் சரியாகவில்லை என்றால், 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் அடித்துவையுங்கள்.

அப்புறம், தொலைபேசித் தகராறெல்லாம் நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்று யாராவது சொன்னால், வரும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்துவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு ஆணையத்தில் கட்டணமே கிடையாது. டாக்கெட் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதினால் தொலைந்துவிடும். மார்க்கர் பேனாவால் தேதியோடு ரௌட்டர் முதுகிலேயே எழுதிவிடுங்கள்.