டீக்கடையிலேயே க்யூஆர் கோடு இருக்கும்போது, சிறு வியாபாரிகளுக்கு டிஜிட்டல் இடைவெளி இன்னும் இருக்கிறது என்பது உண்மையா?

உண்மைதான். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ், ப்ரவுசிங் கடை வைத்திருக்கிறேன். தினமும் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

காசு வாங்குகிற வரைக்கும் எங்கள் பக்கம் ஒரு குறையும் கிடையாது. எம்.சி. ரோடு துணிக்கடையிலிருந்து வியாசர்பாடியில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டி வரை அட்டை தொங்குகிறது, ஸ்பீக்கர் பெட்டி கத்துகிறது. கடன், லைசென்ஸ், பதிவு என்று ஏதாவது ஒரு காகிதம் தேவைப்படும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது.

முதல் வம்பு ஓடிபி. ஆதார் எடுத்தபோது கொடுத்த நம்பர் பலரிடம் இப்போது இருக்காது. ரீசார்ஜ் விலை ஏறியதும் இரண்டாவது சிம்மை அப்படியே விட்டிருப்பார்கள். 90 நாள் பயன்பாடு இல்லை என்றால் அந்த நம்பர் துண்டிக்கப்பட்டு வேறு யாருக்காவது போய்விடலாம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவில் முதல் படியே ஆதார் ஓடிபிதான். அது எங்கோ ஒருவர் போனில் போய் விழும், இங்கே ஸ்கிரீனில் விநாடி ஓடிக்கொண்டிருக்கும். நம்பரை மாற்ற ஆதார் மையத்தில் வரிசையில் நின்றால் அன்றைய வியாபாரம் போச்சு.

ஓடிபி வந்துவிட்டால் அடுத்தது தொழில் என்ன என்ற கேள்வி. காசிமேட்டில் கருவாடு போடும் அக்கா ஒருவர் வந்திருந்தார். சில்லறை வியாபாரிகளை உத்யமில் 2021 ஜூலையில்தான் சேர்த்தார்கள், வங்கிக் கடனில் முன்னுரிமை கிடைக்கட்டும் என்று. தெருவோர வியாபாரிகளுக்கு அதற்கு அடுத்த மாதம் வழி திறந்தது. சரி, படிவத்தைத் திறந்தால் உற்பத்தியா, சேவையா, வியாபாரமா என்று ஆங்கிலத்தில் கேட்கிறது. அக்கா ஏலத்தில் மீன் எடுக்கிறார், உப்பு போட்டுக் காயவைக்கிறார், கூடையில் வைத்து விற்கவும் செய்கிறார். ஒவ்வொரு தொழிலுக்கும் அரசு ஒரு கோடு எண் வைத்திருக்கிறது: மீன் பதப்படுத்தல் என்றால் 1020 வரிசை, கடை போட்டு உணவுப் பொருள் விற்றால் 4781 வரிசை. "கருவாடுன்னு போடு நைனா, அதுல என்னா கோடு?" என்றார். இரண்டையும் போட்டு முடித்தோம். தேடும்போது மேலே வந்த தளங்களில் சில, அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்டுப் பணம் கேட்பவை. உத்யமுக்கு அரசு ஒரு பைசாகூட வாங்குவதில்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, படிப்பு இல்லாததுதான் காரணம் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே காசிமேட்டில் விசைப்படகுக்காரர்கள் ஜிபிஎஸ், கடல் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் எல்லாம் அநாயாசமாகப் பயன்படுத்துகிறார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம், மீன் கூடும் வாய்ப்புள்ள இடங்களைத் தமிழிலும் அறிவிக்கிறது. தொழிலுக்கு உதவும், தமிழில் வரும் என்றால் எங்கள் ஆட்கள் யாரிடமும் பாடம் கேட்காமல் பழகிவிடுவார்கள்.

அந்த அக்காவிடம் இன்னொன்றும் கவனித்தேன். கூடை மேல் இருக்கும் க்யூஆர் அவர் பையன் பெயரில் இருக்கிறது. மீன் கையோடு போனைத் தொட முடியாது என்று பையன் போட்டுக் கொடுத்தது. விற்ற காசு அவன் கணக்கில் ஏறுகிறது, அம்மா கணக்கில் நடமாட்டமே இல்லை. 2020-ல் வந்த பிஎம் ஸ்வநிதி திட்டத்தில் தெருவோர வியாபாரிக்கு முதல் கடன் 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000. 2025-ல் முதல் இரண்டையும் 15,000, 25,000 என்று உயர்த்தினார்கள். டிஜிட்டல் வரவுக்கு கேஷ்பேக்கும் உண்டு. ஆனால் அக்காவின் வரவு எல்லாம் பையனுடைய வரவாகத்தானே பதிவாகியிருக்கிறது! தொழில் செய்வது ஒருவர், கணக்கில் தெரிவது இன்னொருவர். வீட்டுப் பெண்கள் நடத்தும் கடைகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. கொடுங்கையூர் பக்கம் இட்லிக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரின் கணக்கை வங்கி முடக்கிவிட்டது. யாரோ எங்கோ ஆன்லைனில் ஏமாந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறார். போன பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனது என்று தேடிக்கொண்டே வந்து, கடைசியில் இவரிடம் சாப்பிட்டுவிட்டு ஜிபே பண்ணின ஒரு ஆளின் காசில் வந்து நின்றிருக்கிறது. ஏமாற்றியவனைப் பிடிக்க இப்படித் தேடத்தான் வேண்டும், அதில் தப்பு சொல்லவில்லை. ஆனால் அண்ணன் கிளைக்குப் போனால், "வேற மாநில சைபர் கிரைம் சார், அங்கதான் மெயில் போடணும்" என்று கைவிரித்தார்கள். ஆங்கிலத்தில் மெயில் எழுதியது நான். அதற்குள் அரிசி மண்டிக்குக் கொடுக்க வேண்டிய காசு உள்ளே மாட்டிக்கொண்டது. கணக்குத் திறக்கும் வரை வட்டிக்கு வாங்கித்தான் கடையை ஓட்டினார். பெரிய கம்பெனிக்கு ஆடிட்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார். இட்லிக்கடைக்கு ஜெராக்ஸ் கடைக்காரன்தான் இருக்கிறேன். இடைவெளி என்று நீங்கள் கேட்பது, என்னைப் பொறுத்தவரை, இந்த இடம்தான். போன் எல்லார் கையிலும் இருக்கிறது. கோளாறு வந்தால் பதில் சொல்ல எதிர்ப்பக்கம் ஆள் இல்லை.

2025 ஜூலையில் பெங்களூரில் நடந்தது நினைவிருக்கும். யுபிஐ வரவைப் பார்த்துச் சிறு கடைகளுக்கு வணிகவரி நோட்டீஸ் போனது, உடனே பல கடைகளில் 'கேஷ் மட்டும்' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். பால், காய்கறி மாதிரி வரி இல்லாத பொருள் விற்றவர்களுக்கும் நோட்டீஸ் போயிருந்தது. அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிய வாரம் எங்கள் தெருவிலும் சிலர் அட்டையைத் திருப்பி வைத்தார்கள். பொருள் விற்பவருக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் இங்கே ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்று எடுத்துச் சொன்ன பிறகும் பயம் முழுசாகப் போகவில்லை.

கிராமத்துக் கடைகளுக்கு இதோடு சிக்னல் தொல்லையும் சேரும். அது வேறு கதை, எனக்கு நேரடி அனுபவம் கிடையாது.

உங்கள் வீட்டில் யாராவது கடை வைத்திருந்தால் நான் சொல்வது இவ்வளவுதான். ஆதாரில் இருக்கும் நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தொழில் செய்பவர் பெயரிலேயே க்யூஆர் வாங்குங்கள். வசூல் விழும் கணக்கு தனி, சேமிப்பு தனி என்று வையுங்கள். ஒன்று முடங்கினாலும் மறுநாள் அரிசி வாங்கலாம். அப்படி முடங்கினால் புகார் எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகைக்கு என்ற மூன்றையும் வங்கியிடம் எழுத்தில் வாங்காமல் வெளியே வராதீர்கள். மெயில் எழுதத் தெரியவில்லை என்றால் பக்கத்து ப்ரவுசிங் கடையில் கேளுங்கள். டைப் அடிக்கிற கூலி மட்டும் கேட்பார்கள், நான் கேட்பதும் அதுதான்.