சைக்கிள் மேல் காதல் சரி, பில் எங்கே?

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ரோடு பைக் வைத்திருப்பவர்கள் அனுப்பியவை, மீதி அவர்களோடு ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள் அனுப்பியவை. வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர், லட்சத்தைத் தொடும் விலை. பிரிட்ஜ் வாங்கப் போனால் நாலு கடை ஏறி இறங்கி வாரண்டி அட்டையை வரி விடாமல் படிக்கிற ஆட்கள், சைக்கிள் என்று வந்துவிட்டால் பில் கூட வாங்காமல் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதனால் இந்தப் பகுதி முழுக்கச் சைக்கிள்தான்.

கேள்வி: என் கணவர் ரோடு பைக் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அது ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது, கார் வெளியே வெயிலில் காய்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் விடிவதற்கு முன்பே கோத்தகிரி ஏறக் கிளம்பிவிடுவார். இப்போது கார்பன் வீல் வாங்க ஒன்றரை லட்சம் வேண்டும் என்கிறார். எடை 400 கிராம் குறையுமாம். நிஜமாகவே இவ்வளவு கொடுக்கலாமா சார்? – வாசகி, கோவை

ஹால் விஷயத்தை விட்டுவிடுங்கள் அம்மா, அதில் உங்களால் ஜெயிக்க முடியாது. இத்தாலியில் கோமோ ஏரிக்குப் பக்கத்தில் கிசால்லோ என்ற மலையில் ஒரு மாதா கோயில் இருக்கிறது. 1949-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்த மாதாவைச் சைக்கிள் ஓட்டிகளின் காவல் மாதாவாக அறிவித்தார். உள்ளே போனால் சுவரில் சைக்கிள்கள் மாட்டியிருக்கும்: கோப்பி, பார்த்தாலி, மெர்க்ஸ் போன்ற பழைய சாம்பியன்கள் ஓட்டியவை, 1995 டூர் டி பிரான்ஸில் மலையிறக்கத்தில் விழுந்து இறந்துபோன ஃபாபியோ காசார்தெல்லியின் நெளிந்த சைக்கிள் உட்பட. கோயிலுக்குள்ளேயே இடம் கொடுத்திருக்கிறார்கள், உங்கள் ஹால் எம்மாத்திரம்.

வீலுக்கு வருவோம். உங்கள் கணவர், சைக்கிள், தண்ணீர் பாட்டில், ஹெல்மெட், ஷூ எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 400 கிராம் என்பது அரை சதவீதம் கூட இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏற அவருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது என்றால், புது வீலில் அரை நிமிடம் மிச்சமாகும். மேலே போய் டீ ஆறுவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும். ஆழமான ரிம் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று அடுத்து சொல்வார், அது பொய்யில்லை, சமதளத்தில் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டும்போது கொஞ்சம் தெரியும், ஆனால் காற்றுத் தடையில் பெரும்பங்கு ஓட்டுகிற ஆளின் உடம்பால் வருகிறது, முதுகை வளைத்து முழங்கையை மடக்கி உட்கார்ந்தால் அதில் நிறைய காசில்லாமலே குறையும். எடை பைத்தியத்துக்கு உலக சைக்கிள் சம்மேளனமே 2000-ல் ஒரு கோடு கிழித்தது: பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே இருக்கக் கூடாது. அதற்குப் பிறகு தொழில்முறை அணிகளின் மெக்கானிக்குகளே சில சமயம் சைக்கிளில் எடை சேர்க்க வேண்டியிருந்தது.

அதே காசில் சின்னப் பங்கை டயரில் போடச் சொல்லுங்கள். 23 மில்லிமீட்டர் டயரில் 120 பி.எஸ்.ஐ. காற்று அடித்துக்கொண்டு கல் மாதிரி ஓட்டிய காலம் போய்விட்டது. நல்ல 28 மில்லிமீட்டர் டயர், அவர் எடைக்கு ஏற்ற மாதிரி 70, 75 பி.எஸ்.ஐ., நம் ரோட்டுக்கு இதுதான் சரி: வேகமும் குறையாது, கையும் மரத்துப் போகாது. ஃபிரேமில் அந்த அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்க்க வேண்டும், பழைய ரிம் பிரேக் ஃபிரேம்கள் பலவற்றில் 25-க்கு மேல் நுழையாது.

இத்தனைக்கும் பிறகு அவர் வீல்தான் வேண்டும் என்றால், கடன் வாங்காமல் முடியும் என்றால், வாங்கட்டும். ஆசைக்கு வாங்குகிற பொருளை ஆசைக்கு என்று சொல்லி வாங்குவதில் தப்பில்லை. ஆனால் கடையில் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். ஒன்று, ரிம் எத்தனை கிலோ ஆள் வரை தாங்கும். இரண்டு, விழுந்து உடைந்தால் தள்ளுபடி விலையில் மாற்றித் தருவார்களா. மூன்று, அது ஹுக்லெஸ் ரிம்மா. ஹுக்லெஸ் என்றால் ஓரத்தில் டயரைப் பிடிக்கிற கொக்கி இருக்காது, அதற்கென்று குறிப்பிட்ட டயரைத்தான் போட வேண்டும், காற்று 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. பழைய பழக்கத்தில் 100 அடித்தால் டயர் கழன்றுகொண்டு வரலாம், அதுவும் கோத்தகிரி இறக்கத்தில் வந்தால் யோசித்துப் பாருங்கள். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பில்லில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: ஈ.சி.ஆரில் எங்களோடு ஓட்டும் நண்பர் புது சைக்கிள் வாங்கியதால் பழைய கார்பன் சைக்கிளைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். 2016 மாடல், அல்டெக்ரா செட். பார்க்கப் புதுசு போல இருக்கிறது, குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாராம். வாங்கலாமா? – சென்னை

குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட சைக்கிளும் ஸ்டாண்டிலிருந்து சரிந்து விழும். அலுமினியம் நெளிந்தால் கண்ணுக்குத் தெரியும், கார்பன் உள்ளே விரிசல் விட்டு வெளியே பெயின்டோடு சிரித்துக்கொண்டிருக்கும். நல்ல வெளிச்சத்தில் துடைத்துவிட்டுப் பாருங்கள், முக்கியமாக சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்டை இறுக்கும் இடம், பெடல் கைகள் சுழலும் அச்சு இருக்கும் அடிப்பகுதி, பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு குழாய்கள், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் கழுத்து. நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் ஒரே மாதிரி டக் டக் என்று கேட்க வேண்டும், ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள். சீட் போஸ்டை உருவிப் பாருங்கள். பலர் முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் பலம் கொண்ட மட்டும் முறுக்கியிருப்பார்கள், பல சைக்கிள்களில் அந்தப் போல்ட்டுக்கு 5 நியூட்டன் மீட்டர் போதும்.

அல்டெக்ரா என்கிறீர்கள், அதனால் இது கட்டாயம்: 2023 செப்டம்பரில் அந்தப் பாகங்களைச் செய்யும் ஷிமானோ நிறுவனமே ஒரு பரிசோதனைத் திட்டம் அறிவித்தது. 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை செய்த 11-ஸ்பீடு (பின்னால் 11 பல்சக்கரம்) அல்டெக்ரா, டியூரா-ஏஸ் வகைக் கிராங்குகள், அதாவது பெடல் மாட்டியிருக்கும் கைகள், இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்தவை, அந்த ஒட்டு சிலவற்றில் விட்டுப்போகிறது. வட அமெரிக்காவில் மட்டும் சுமார் 7.6 லட்சம் கிராங்குகள் இந்தப் பட்டியலில் வந்தன. கிராங்கின் உள்பக்கம் பொறித்திருக்கும் இரண்டெழுத்துக் குறியீட்டைப் பார்த்து உங்களுடையது அதில் வருகிறதா என்று தெரிந்துகொள்ளலாம். வந்தால் ஷிமானோ டீலரிடம் காட்டுங்கள், பழுது கண்டால் இலவசமாக மாற்றித் தருவது அந்தத் திட்டத்தில் உண்டு. நண்பர் இதைச் செய்துவிட்டு விற்கட்டுமே.

விலை பேசும்போது இதையும் மனதில் வையுங்கள்: ஃபிரேமுக்கு ஆயுள் வாரண்டி என்று விளம்பரத்தில் பார்ப்பது பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். உங்கள் கைக்கு வந்ததும் அது பூஜ்யம். ஒரிஜினல் பில்லும், அடியில் பொறித்த சீரியல் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, விற்றதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நண்பரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள், நாளைக்கு நீங்கள் விற்கும்போது இதே தாளை ஒருவர் கேட்பார்.

கேள்வி: 90 ஆயிரம் கொடுத்து வாங்கிய சைக்கிளில் மூன்றாவது வாரமே ஹேண்டிலுக்குக் கீழே ஃபிரேமில் விரிசல். எங்கும் விழவில்லை, இடிக்கவில்லை. கடையில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லைக் காட்டுகிறார்கள். கடைக்காரர்தான் எங்கள் சைக்கிள் குழுவை நடத்துகிறார், எல்லோருக்கும் அண்ணன் மாதிரி. சண்டை போட்டால் குழுவில் முகம் கொடுத்துப் பேச முடியாது. என்ன செய்ய? – மதுரை

அண்ணன் என்றால் தம்பிக்கு விரிசல் விட்ட சைக்கிளைத் தரமாட்டார்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று தெளிவாகவே இருக்கிறது. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள், அவர் எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும். பில்லின் அடியில் அச்சடித்த அந்த ஒரு வரி குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லே தராமல் விற்பதும் இதே சட்டப்படி தப்புதான். நீங்கள் மூன்றாவது வாரத்தில் இருக்கிறீர்கள், அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது: ஓட்டுவதை நிறுத்துங்கள், விரிசலையும் சீரியல் எண்ணையும் படம் எடுங்கள், கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் மின்னஞ்சலில் எழுத்தாகப் புகார் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே நாளைக் கடத்தாதீர்கள். கடைக்காரர் தயங்கினாலும் நிறுவனம் ஃபிரேமை மாற்றித் தர வாய்ப்பு அதிகம், அப்படி நடந்தால் அண்ணனும் தப்பித்தார், உங்கள் குழுவும் தப்பித்தது.

நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனில் வெளியூர்க் கடையிலிருந்து வாங்கியவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். ஆனால் பெட்டியில் வந்த சைக்கிளை யூடியூப் பார்த்து நீங்களே பூட்டியிருந்தால், வாரண்டி தர மாட்டோம் என்று சொல்ல நிறுவனத்துக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பூட்டி, அந்த ரசீதையும் பில்லோடு வையுங்கள்.

கேள்வி: 40 கிலோமீட்டருக்கு மேல் போனால் உட்கார முடியவில்லை. ஜெல் சீட் கவர் 600 ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கலாமா? – திருச்சி

வேண்டாம். மெத்தென்ற சீட் அரை மணி நேரத்துக்குச் சுகம், அப்புறம் எலும்பு அதற்குள் புதைந்து நடுவில் நரம்பை அழுத்தும். அந்த 600 ரூபாயோடு இன்னும் கொஞ்சம் போட்டுப் பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்குங்கள், அதற்குள் ஜட்டி போடாதீர்கள் (சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்குப் பிரச்சினையே அதுதான், தையல் உரசிப் புண்ணாகும்). அப்படியும் வலித்தால் சீட்டின் உயரத்தையும் அகலத்தையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: செயினுக்கு எண்ணெய் வேண்டாம், மெழுகை உருக்கி அதில் முக்கி எடு என்கிறான் நண்பன். வீட்டில் இதற்கென்றே தனிக் குக்கர் வாங்கியிருக்கிறான். பைத்தியமா? – சென்னை

இல்லை, விஷயம் தெரிந்தவர். பாரஃபின் மெழுகில் தூசி ஒட்டாது, செயின் கருக்காது, தேய்மானமும் குறையும். ஆனால் முதலில் செயினில் உள்ள கம்பெனி கிரீஸை ஒரு பொட்டு விடாமல் கழுவ வேண்டும், சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை திரும்ப முக்க வேண்டும், மழையில் நனைந்தால் உடனே செய்ய வேண்டும். தினமும் ஆபீஸுக்கு ஓட்டுபவர் என்றால் சாதாரணச் செயின் எண்ணெய் போதும். குக்கருக்குப் பதில் சில நூறு ரூபாய்க்குச் செயின் தேய்மானம் அளக்கும் கேஜ் ஒன்று வாங்குங்கள். 11, 12 ஸ்பீடு செயின் 0.5 சதவீதம் நீண்டாலே மாற்றிவிடுங்கள், 10-ம் அதற்குக் கீழும் என்றால் 0.75 வரை போகலாம். விட்டுவைத்தால் அதைவிட விலை அதிகமான கேசட்டையும் (பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதி) அது தின்றுவிடும். கடலோரமாக ஓட்டுகிறீர்கள், அதனால் வருடம் ஒருமுறை ஹேண்டில் டேப்பைப் பிரித்துப் பாருங்கள். வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து அலுமினியத்தை உள்ளுக்குள்ளேயே அரித்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

கேள்வி: என் உயரம் 165 செ.மீ. எனக்குப் பிடித்த நிறத்தில் 56 சைஸ்தான் இருக்கிறது. சீட்டை இறக்கி, ஹேண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம்மை மாற்றிச் சரி பண்ணித் தருகிறேன், 15 சதவீதம் தள்ளுபடியும் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். எடுத்துக்கொள்ளலாமா? – சேலம்

எடுக்காதீர்கள். சீட் ஏறும் இறங்கும், ஃபிரேமின் நீளம் மாறாது. கை எட்டாமல் தோளும் கழுத்தும் இழுக்கும். ஸ்டெம்மை ரொம்பக் குட்டையாக்கினால் திருப்பும்போது சைக்கிள் வெடுக்கென்று திரும்பும், ஏற்காடு இறங்கும்போது அந்த இருபது வளைவிலும் அதை உணர்வீர்கள். உங்கள் உயரத்துக்குப் பல பிராண்டுகளில் 51, 52 அளவில் வரும், ஆனால் பிராண்டுக்குப் பிராண்டு கணக்கு வேறு, அதனால் நிறுவனத்தின் அளவு அட்டவணையில் ஸ்டாக் (ஃபிரேமின் உயரம்), ரீச் (முன்னோக்கிய நீளம்) என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். எட்டி மெர்க்ஸ் ஐந்து முறை டூர் டி பிரான்ஸ் ஜெயித்தவர். 1969-ல் பிரான்ஸில் ஒரு டிராக் பந்தயத்தில் விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு, கையில் ஸ்பேனர் வைத்துக்கொண்டு பந்தயத்தின் நடுவிலேயே சீட் உயரத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். உடம்புக்கும் சைக்கிளுக்கும் சில மில்லிமீட்டர் ஒத்துவராமல் அவரே அந்தப் பாடு பட்டார், நீங்கள் தெரிந்தே நான்கு சென்டிமீட்டர் பெரிதாக எடுக்கப் பார்க்கிறீர்கள்.

காலை லேசாக விரித்து நின்று தொடையிடுக்கிலிருந்து தரை வரை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை இருக்க வேண்டிய உயரம் கிட்டத்தட்ட அது. 76 செ.மீ. என்றால் 67. அதில் உட்கார்ந்து கடைக்கு வெளியே பத்து நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். ஓட்டிப் பார்க்க விடாத கடை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். சரியான சைஸில் அந்த நிறம் வரவழைத்துத் தரச் சொன்னால் முன்பணம் கேட்பார்கள், அதற்கும் ரசீது வாங்குங்கள், மாடல், சைஸ், நிறம், தருகிற தேதி நான்கும் அதில் எழுதியிருக்கட்டும்.