மூவாயிரம் மி.மீ.யும் மூன்று கிலோவும்: கேமரா கேள்வி பதில்

லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய டிஎஸ்எல்ஆர் வகைக் கேமராவான நிக்கான் டி500 பாடியில் 200–500 மி.மீ. லென்ஸைப் பொருத்தி ஒருபுறமும், லென்ஸ் கழற்ற முடியாதபடி சேர்ந்தே வரும் நிக்கான் பி1000 சூப்பர்ஜூமை மறுபுறமும் வைத்துக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. பறவை, கோயில், அருவி என்று நெல்லைச் சீமையில் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் பலரும் இந்த இரண்டில் எது என்ற இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் கருவிகளை எடுத்துக்கொண்டது ஒப்பிட எளிதாக இருக்கும் என்பதற்காகவே. கேனான் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

நாங்குநேரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, பி1000 கேமரா 3000 மி.மீ. வரை இழுக்கிறது. டி500-க்கு அவ்வளவு பெரிய லென்ஸ் வாங்கினாலும் 500 மி.மீ.தான் கிடைக்கிறது. ஆறில் ஒரு பங்கு தருகிற கருவிக்கு எதற்குக் கூடுதல் பணமும் மூன்று கிலோ சுமையும்?

முதலில் அந்த ஆறு மடங்கைத் திருத்திக்கொள்வோம், தம்பி. 3000 என்பது 35 மி.மீ. ஃபிலிம் கணக்குக்கு மாற்றிச் சொல்லப்படும் எண். பி1000 லென்ஸின் உண்மையான குவியத் தொலைவு 539 மி.மீ. மட்டுமே. படத்தைப் பதிவு செய்யும் அதன் சென்சார் மிகச் சிறியது என்பதால், லென்ஸ் காட்டும் காட்சியின் நடுத்துண்டு மட்டும் பதிவாகி, 3000 மி.மீ. லென்ஸில் பார்ப்பது போலத் தெரிகிறது. இதே மாற்றத்தை டி500-க்கும் செய்தால் 500 என்பது 750 ஆகிவிடும். ஆகவே வித்தியாசம் நான்கு மடங்கு.

அந்த நான்கு மடங்கும் முழுதாகக் கைக்கு வருவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. இறகின் கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் திறனுக்கு எல்லை வகுப்பது, ஒளி நுழையும் வாயின் விட்டம். பி1000 கடைசி ஜூமில் எஃப் 8-ல் நிற்கிறது; அதாவது வாயின் விட்டம் குவியத் தொலைவில் எட்டில் ஒரு பங்கு. 539-ஐ 8-ஆல் வகுத்தால் வாயின் விட்டம் 67 மி.மீ. வருகிறது. 200–500 லென்ஸுக்கு எஃப் 5.6-ல் அதே கணக்கைப் போட்டால் 89 மி.மீ. வருகிறது. மேலும், எஃப் 8-ல் ஒளியின் விளிம்பு விளைவு காரணமாக ஒரு புள்ளி சென்சாரின் மேல் ஏறத்தாழ 10 மைக்ரான் அகல வட்டமாகப் பரவுகிறது. பி1000-இன் ஒரு பிக்சலோ 1.3 மைக்ரான் அகலம்தான். ஒரு புள்ளியின் செய்தியை ஏழெட்டு பிக்சல்கள் பங்கிட்டுக்கொள்ளும்போது படம் பெரிதாகுமே தவிர, விவரம் அதே விகிதத்தில் கூடாது. ஒரு கரண்டி மாவைப் பெரிய கல்லில் இழுத்து ஊற்றினாலும் மாவு ஒரு கரண்டிதானே.

இருந்தாலும் நல்ல வெயிலில், அசையாமல் நிற்கும் பறவையைத் தொலைவிலிருந்து எடுப்பதானால் பி1000-தான் முந்தும். டி500 படத்தை அதே அளவுக்கு வெட்டினால் 20.9 மெகாபிக்சலில் 1.3 மெகாபிக்சல்தான் மிஞ்சும். நான்கு மடங்கு முந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள்; ஒன்றரை மடங்குக்கு மேல் நான் கணக்கில் வைப்பதில்லை. வெயில் இறங்கிவிட்டாலோ பறவை எழும்பிவிட்டாலோ நிலைமை தலைகீழாகிவிடுகிறது. டி500 சென்சாரின் பரப்பு ஏறத்தாழ 369 சதுர மி.மீ.; பி1000-இன் பரப்பு 28 சதுர மி.மீ. பதின்மூன்று மடங்குப் பரப்பில் ஒளியை வாங்கும் கருவிக்குத்தான் அந்தப் பணமும் அந்தச் சுமையும்.

வள்ளியூரிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: கூந்தன்குளத்தில் குளத்தின் நடுவே நின்ற வரித்தலை வாத்துகளை இரண்டு கேமராக்களிலும் எடுத்தோம். இரண்டுமே தண்ணீரில் எழுதியது போல நெளிகின்றன. லென்ஸில் கோளாறா?

நீங்கள் போன நேரத்தில்தான் கோளாறு. படம் எடுத்தது பதினொரு மணிக்கு மேல் என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். கரையும் வறண்ட குளத்தரையும் சூடேறியதும், வெவ்வேறு சூட்டில் இருக்கும் காற்றடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அலைகின்றன. அவற்றின் வழியே வரும் ஒளி நொடிக்கு நொடி வளைகிறது. முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் வாத்தை 3000 மி.மீ.யில் இழுக்கும்போது, இடையிலுள்ள அத்தனை கானலையும் சேர்த்துத்தான் இழுக்கிறீர்கள். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸாலும் இதைத் தாண்ட முடியாது. ஐந்து படம் எடுத்து ஐந்திலும் விளிம்பு வெவ்வேறு விதமாக நெளிந்திருந்தால் அது கானல். ஐந்திலும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் மட்டும் லென்ஸைச் சந்தேகப்படலாம்.

விடிந்ததிலிருந்து எட்டு, எட்டரை மணி வரையிலான நேரத்தைப் பயன்படுத்துங்கள். ஊருக்குள்ளும் ஒருமுறை நடந்து பாருங்கள். கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அங்கே 3000-மும் வேண்டாம், 500-மும் வேண்டாம், கிட் லென்ஸோடு வரும் 70–300 போதும். பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது. கூட்டுக்கு நேர் கீழே போய் நின்று ஃபிளாஷ் அடித்துவிட்டு வராதீர்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஆண்டுதோறும் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு மாணவிகளுடன் செல்கிறேன். இன்ன பறவை என்று உறுதி செய்துகொள்ளும் அளவுக்குப் படம் கிடைத்தால் போதும். எதை வாங்குவது?

சூப்பர்ஜூம், இதில் தயங்க ஒன்றுமில்லை. உங்களுக்கு வேண்டியது சுவரில் மாட்டும் படம் அன்று, சான்று. கால் பச்சையா சிவப்பா, அலகு நேரா வளைவா, வாலில் கறுப்புப் பட்டை உண்டா என்று பிறகு நூலைப் புரட்டிப் பார்க்கும் அளவுக்கு விவரம் இருந்தால் போதுமென்றால், அதை இவ்வளவு எளிதாகத் தரும் கருவி வேறில்லை. பி1000 கூட வேண்டாம், 1.4 கிலோ எடையை ஒரு மாணவி கையில் நெடுநேரம் கொடுக்க முடியாது. பழைய பி900 900 கிராம்தான், 2000 மி.மீ. வரை போகும். கேனான் எஸ்எக்ஸ்70 இன்னும் இலகுவானது, 1365 மி.மீ. வரை போகும். இவற்றில் எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை வாங்கி, மிச்சப் பணத்தில் ஒரு 8×42 பைனாகுலர் வாங்கிவிடுங்கள். கணக்கெடுப்பில் கேமராவைவிட அதிகம் உழைப்பது அதுதான்.

பணகுடியிலிருந்து ஓர் இளைஞர்: பறக்கும் பறவையை பி1000-இல் பிடிக்கவே முடியவில்லை அண்ணாச்சி. திரையில் பறவையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அது மறுகரைக்குப் போய்விடுகிறது.

இந்த ஒரு கேள்விக்காகவே டிஎஸ்எல்ஆர் வாங்கலாம் என்பேன். டி500-இல் கண்ணாடிக்குக் கீழே குவியம் பார்ப்பதற்கென்றே தனி சென்சார் இருக்கிறது. குவியம் எந்தப் பக்கம், எவ்வளவு தவறியிருக்கிறது என்பதை அது ஒரே பார்வையில் கணித்து லென்ஸுக்குச் சொல்லிவிடும். பி1000-க்கு அந்த வசதி கிடையாது. முன்னே போய்ப் பார்த்து, பின்னே வந்து பார்த்து, எங்கே படம் தெளிவாகிறது என்று தடவித்தான் கண்டுபிடிக்கும். அதற்குள் கூழைக்கடா இறங்கி முடித்திருக்கும். தொடர் படங்களிலும் அப்படியே: பி1000 நொடிக்கு 7 வீதம் 7 படம் எடுத்துவிட்டு, அவற்றை எழுதி முடிக்கும் வரை அடுத்ததற்கு வழிவிடாது, டி500 நொடிக்கு 10 வீதம், வேகமான கார்டு இருந்தால் 200 படம் வரை நிற்காமல் ஓடும்.

கையில் இருப்பது பி1000-தான் என்றால் அதற்கும் வழி உண்டு. லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் ஜூம் தற்காலிகமாகப் பின்வாங்கிப் பரந்த காட்சியைக் காட்டும், விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். பறவையைக் காட்சியின் நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு விரலை எடுங்கள். இன்னொன்று, 3000-த்தில் பறவையைத் துரத்தாதீர்கள். 600, 800 என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் கிடைக்கிற படங்கள் கூடும். பஞ்சுருட்டான் போன்றவை பூச்சியைப் பிடித்துவிட்டு அதே கம்பிக்குத் திரும்பும் பழக்கம் உடையவை. கம்பியின் மேல் குவியத்தைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தால், பறவை தானாக வந்து படத்துக்குள் உட்காரும். ஷட்டர் வேகம் 1/1600-க்குக் குறைய வேண்டாம்.

களக்காட்டிலிருந்து ஒரு வாசகர்: மெகாபிக்சல் எதில் அதிகம்?

20.9-க்கும் 16-க்கும் இடையிலான வேறுபாட்டை உங்கள் கண் பார்க்காது. இந்தக் கேள்வியை விட்டுவிடலாம்.

தென்காசியிலிருந்து ஒரு மருந்துக்கடை உரிமையாளர்: குற்றாலச் சீசன் முடிந்து பையைத் திறந்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை போல் ஏதோ படர்ந்திருக்கிறது. எந்தக் கேமரா சாரலைத் தாங்கும்?

அது பூஞ்சை. சாரலில் நனைந்ததால் வந்தது என்பதைவிட, நனைந்த பையிலேயே மூடி வைத்ததால் வந்தது என்பதே சரி. டி500 பாடியில் ஈரக்காப்பு உண்டு. 200–500 லென்ஸில் பாடியோடு சேரும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதே தவிர முழுக்காப்பு கிடையாது. பி1000-இல் ஈரக்காப்பே இல்லை. அதோடு அதன் குழல் ஜூம் செய்யும்போதெல்லாம் நீண்டு சுருங்குவதால், ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. ஜூன் முதல் உங்கள் பக்கத்தில் அந்தக் காற்றில் பாதி தண்ணீர்தான். கழற்றக்கூடிய லென்ஸில் பூஞ்சை வந்தால் லென்ஸை மட்டும் சர்வீஸுக்குக் கொடுக்கலாம். சூப்பர்ஜூமில் வந்தால் கேமரா முழுவதையும் பிரித்தாக வேண்டும், பல சமயம் கூலி கேமராவின் விலையைத் தொட்டுவிடும்.

வீட்டுக்கு வந்ததும் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு வைத்து, மறுநாள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள். தோல் பையில் வைக்கவே கூடாது. ஜெல் நிறம் மாறியதும் சூடேற்றி ஈரத்தைப் போக்கலாம், ஆனால் சமையலுக்குப் புழங்கும் வாணலியில் வேண்டாம். நீல நிற ஜெல்லில் நச்சு உண்டு.

திசையன்விளையிலிருந்து ஒரு புகைப்படக்காரர்: எங்கள் தேரியில் ஆடிக்காற்று வீசும்போது செம்மண் எல்லாவற்றுக்குள்ளும் போய்விடுகிறது. லென்ஸைக் கழற்றாத சூப்பர்ஜூம்தானே பாதுகாப்பு?

பாதி உண்மை. லென்ஸைக் கழற்றாததால் அதன் சென்சாருக்குள் மண் விழும் வழி குறைவு. ஆனால் நீளும் குழலில் மாட்டும் தேரிமணல் மோட்டாரை அரைத்துவிடும். டிஎஸ்எல்ஆரில் லென்ஸை வண்டிக்குள் இருந்து மாற்றுங்கள், தேரிக்குள் இறங்கியபின் மாற்றாதீர்கள். காற்று உச்சத்தில் இருக்கும் நாளில் இரண்டையும் வீட்டில் வைத்துவிடுவது நலம்.

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற பொறியாளர்: கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயில் சிற்பங்களைப் படமெடுக்க விரும்புகிறேன். மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. டிஎஸ்எல்ஆர்தான் வேண்டும் என்கிறார்கள், உண்மையா?

முக்காலி வைக்க அனுமதி கிடைத்தால் உண்மையில்லை. கல் அசைவதில்லை ஐயா. நாயக்கர் காலத்துச் சிற்பி செதுக்கிய விரல் நகமும் நரம்பும் ஒரு நொடி ஷட்டரைத் திறந்து வைத்தாலும் அப்படியேதான் இருக்கும். ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு அளவை 100, டைமரை இரண்டு நொடி என்று வைத்து, பி1000-இன் விரிந்த முனையில் எடுத்தால் வீட்டில் பெரிதாக்கிப் பார்க்கத்தக்க படம் கிடைக்கும். அனுமதி கிடைக்காமல் கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும் என்றால் டிஎஸ்எல்ஆரும், 35 மி.மீ. எஃப் 1.8 போன்ற சிறிய லென்ஸும் வேண்டும். 200–500 அங்கே எதற்கும் ஆகாது. ஃபிளாஷ் கூடாது, நேராக விழும் வெளிச்சம் சிற்பத்தின் ஆழத்தைத் தட்டையாக்கிவிடும். மண்டபத்துக்குள் பக்கவாட்டில் வெயில் சாயும் வேளையைக் காவலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு மாணவி: நிலாவை எடுக்க எது நல்லது?

பி1000. கடைசி ஜூமில் நிலா சட்டத்தை மேலும் கீழும் நிறைத்துவிடும். வியாழனின் துணைக்கோள்களும் புள்ளிகளாக விழும். டி500 இங்கே போட்டிக்கு வராது.

மாஞ்சோலைக்கு அடிக்கடி செல்லும் ஒருவர்: சோலைக்குள் இருவாட்சி, சிங்கவால் குரங்கு. பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு ஏறவும் முடியவில்லை, சூப்பர்ஜூமில் எல்லாம் மணல் மணலாக வருகிறது.

மணல் மணலாக வருவது ஐஎஸ்ஓ ஏறுவதால். மர நிழலுக்குள் எஃப் 8-ல் ஓரளவு வேகமான ஷட்டர் வேண்டுமென்றால் 3200 வரை ஏற்றியாக வேண்டும். அந்தச் சிறிய சென்சாருக்கு அது தாங்காத சுமை. உங்களைப் போன்றவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது: சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பு. 2017-இல் வந்தது, எடை ஏறத்தாழ 1.1 கிலோ, 600 மி.மீ.யில் எஃப் 4, சென்சார் பி1000-ஐவிட நான்கு மடங்கு பெரியது, பறக்கும் பறவைக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். 600-க்கு மேல் போகாது என்பது குறையாகத் தோன்றலாம். ஆனால் சோலைக்குள் அறுபது மீட்டருக்கு அப்பால் எப்படியும் இலைதான் தெரியும்.

திருநெல்வேலி டவுனிலிருந்து ஒரு துணிக்கடை ஊழியர்: டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்துவிட்டது என்று கடையில் சொல்கிறார்கள். இப்போது பழைய டி500 வாங்குவது புத்திசாலித்தனமா?

புதிய டிஎஸ்எல்ஆர்களின் காலம் முடிந்தது உண்மை. கேனானின் கடைசி முதன்மை மாடல் 2020-இல் வந்தது. நிக்கான், கேனான் இரு நிறுவனங்களும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் போய்விட்டன. அதனால்தான் பழையவை கைக்கெட்டும் விலைக்கு இறங்கியிருக்கின்றன. வாங்குமுன் ஷட்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். டி500-இன் ஷட்டர் 2 லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் பார்த்தால் பூஞ்சை இருந்தால் தெரிந்துவிடும். 200–500 லென்ஸை அடாப்டர் போட்டு நிக்கானின் மிரர்லெஸ் பாடிகளிலும் பயன்படுத்தலாம் என்பதால், லென்ஸில் போடும் பணம் வீணாகாது. பழைய பி1000-ஐ மட்டும் கையில் வாங்கி, ஜூமை முழுக்க நீட்டிச் சுருக்கிக் காதை வைத்துக் கேட்காமல் வாங்காதீர்கள். கரகரத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சூப்பர்ஜூம் புதிதாகவே வேண்டுமென்றால் 2025-இல் பி1100 வந்திருக்கிறது, லென்ஸ் அதேதான்.

சேரன்மகாதேவியிலிருந்து, வயது அறுபதைக் கடந்த ஒருவர்: தோள்வலி இருக்கிறது. பறக்கும் பறவை மேல் ஆசையும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

டி500-உம் லென்ஸும் சேர்ந்து 3.1 கிலோ. கழுத்தில் தொங்கவிடாமல், லென்ஸின் வளையத்தில் ஒற்றைக்கால் ஸ்டாண்டைப் பொருத்தி, எடையைத் தரைக்குக் கொடுத்துவிட்டால் தோளுக்குப் பாதி நிம்மதி. குளக்கரை வரை வண்டி போகும் இடங்களில் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, விளிம்பில் அரிசி நிரப்பிய துணிப்பையை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள்; வண்டியை விட்டு இறங்காதவரைப் பறவைகள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பெரிய லென்ஸைக் கண்டதும் எந்த டிவி என்று கேட்டுச் சுற்றி நின்றுகொள்ளும் கூட்டத்திலிருந்தும் தப்பலாம். இதுவும் முடியாது என்றால் மேலே சொன்ன சோனிதான். முதலில் யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்கி, காலை ஆறு முதல் எட்டு வரை கையில் வைத்துப் பாருங்கள். உங்கள் தோள் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள், பாடியும் லென்ஸும் எது என்று பிறகு பேசுவோம்.