வாசகர் கேள்வி – பதில்: தேயிலை ஊர் பாலம்பூர்

ஹட்டன் வாசகர்: வட இந்தியத் தேயிலை என்றால் அசாம், டார்ஜிலிங் மட்டும்தானா? பஞ்சாப் பக்கம் ஒரு சின்ன ஊரிலும் தேயிலை உண்டு என்கிறார்களே?

அந்த ஊர் பாலம்பூர். இப்போது அது பஞ்சாபில் இல்லை. 1966 நவம்பர் 1 முதல் காங்ரா மாவட்டம் முழுவதும் இமாசலப் பிரதேசத்தோடு சேர்ந்துவிட்டது. ஊரின் உயரம் சுமார் 4,000 அடி. உங்கள் ஹட்டனைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு. ஆனால் வடக்கே தௌலாதார் மலைத்தொடர் படிப்படியாக ஏறாமல் 13,000 அடிக்கு மேல் சட்டென்று எழும்பி நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்று நேரே வந்து அதில் மோதுவதால் வருடத்துக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும்.

லிந்துலை வாசகர்: அங்கேயும் வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்கிறார்களா?

இல்லை, ஏப்ரலில் தொடங்கி அக்டோபரோடு சரி. குளிர்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள், அது பாதிதான். பகல் 11¼ மணி நேரத்துக்குக் குறைந்து ஆறு வாரம் போல நீடித்தால் தேயிலைச் செடி தளிர் விடுவதை நிறுத்திவிடும். இலங்கையில் நம் நுவரெலியாவில் மிகக் குறுகிய பகலே 11¾ மணி நேரத்துக்குக் கிட்ட வரும். அதனால் நம் செடிக்கு உறக்கமே இல்லை. பாலம்பூர் இருப்பது 32 பாகை வடக்கில். டிசம்பரில் அங்கே பகல் பத்து மணி நேரம்தான். நம் டிம்புல பக்கம் நல்ல தூள் விழும் ஜனவரியில் அங்கே கொழுந்து எடுக்கும் வேலை இல்லை, கவ்வாத்து (செடியை வெட்டிவிடும்) வேலைதான்.

செடிகள் பெரும்பாலும் சிறிய இலைச் சீன இனம். குளிரைத் தாங்கும், வாசம் நன்றாக இருக்கும், விளைச்சல் குறைவு. ஏப்ரல், மே முதல் கொழுந்துதான் அசல் சரக்கு. மழைக்காலக் கொழுந்து ஈரத்தோடு வரும். சரியாக வாட்டாமல் ரோலரில் (இலையை முறுக்கும் இயந்திரத்தில்) போட்டால் இலை முறுகாது, நசுங்கும்; சாறு வீணாக வழியும், தேநீரில் வாசம் நிற்காது.

மஸ்கெலியா வாசகர்: இலங்கைக்கு முன்பே அங்கே தேயிலை வந்ததா? அப்படியானால் ஏன் வளரவில்லை?

முன்பேதான். சஹாரன்பூர் தாவரத் தோட்டக் கண்காணிப்பாளர் டாக்டர் ஜேம்சன் 1849இல் அங்கே நாற்றுமேடை போட வைத்தார்; 1852இல் பாலம்பூர் அருகே ஹோல்டாவில் தோட்டம் எழுந்தது. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் தேயிலை நட்டது 1867இல்தான்.

1905 ஏப்ரல் 4 விடியற்காலை, முதல் கொழுந்து வரும் நேரத்தில், பெரும் பூகம்பம். சுமார் 20,000 பேர் மாண்டார்கள். பச்சைச் செங்கல் சுவரின்மேல் கனத்த கற்பலகைக் கூரை. சுவர் சரிந்ததும் கூரை ஆட்களை மூடிவிட்டது. தொழிற்சாலைகளும் விழுந்தன. வெள்ளைக்காரத் துரைமார் பலர் தோட்டங்களை உள்ளூரார் கையில் விற்றுவிட்டுப் போனார்கள்.

அதோடு கதையை முடித்துவிடக் கூடாது. நம் பக்கம் போலப் பெரிய கம்பெனித் தோட்டங்கள் அங்கே மீண்டும் எழவில்லை. நிலம் துண்டு துண்டாகச் சிறு விவசாயிகளிடம் போனது. பலருக்கு அரை ஹெக்டேர்கூட இல்லை. அமிர்தசரஸ் வணிகர்கள் வழியாகக் காபூலுக்குப் போன பச்சைத் தேயிலைதான் நெடுங்காலம் சந்தையாக இருந்தது. இன்றைக்குப் பெரிய தலைவலி பறிக்க ஆள் கிடைக்காததுதான். பல தேயிலை மலைகள் கவனிப்பாரற்றுக் காடாகிவிட்டன. காங்ரா தேயிலைக்கு 2005இல் புவிசார் குறியீடும் 2023இல் ஐரோப்பிய ஒன்றியப் பாதுகாப்பும் கிடைத்தன. பெயர் காப்பாற்றப்பட்டது, ஆள் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

பண்டாரவளை வாசகர்: போவது எப்படி? அந்தத் தூளை எப்படி ஊற்றுவது?

டெல்லியிலிருந்து பதான்கோட் வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். பதான்கோட் – ஜோகிந்தர் நகர் குறுகிய பாதை ரயில் (1929, 164 கிலோமீட்டர்) அழகானது. ஆனால் 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில் சக்கி ஆற்றுப் பாலம் இடிந்தது. ஓடுகிறதா என்று விசாரித்த பிறகே அதை நம்புங்கள். ஏப்ரல் கடைசி, மே சரியான நேரம். ஜூலை, ஆகஸ்டில் மண்சரிவில் வழி அடைபடும்.

பதினாறு கிலோமீட்டர் தள்ளி, 1204இல் இரண்டு வணிகர்கள் கட்டிய பைஜ்நாத் சிவன் கோயில் இருக்கிறது. இராவணன் சிவபக்தன் என்பதால் அங்கே தசராவில் அவன் உருவத்தை எரிப்பதில்லை. இலங்கைக்காரர்கள் தைரியமாகப் போகலாம்.

தூளுக்கு: ஒரு கோப்பைக்கு 2 முதல் 3 கிராம். தண்ணீர் கொதித்ததும் இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள். மூன்று நிமிடத்தில் வடித்துவிடுங்கள். அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் கசக்கும். பிளேன்டீக்கு மட்டுமே ஏற்றது. பால் ஊற்றினால் வாசம் போய்விடும். பால் தேநீருக்கு நம் டஸ்ட் தூளையே போடுங்கள்.